வாசலோடு திரும்பும் பிள்ளைகள்

செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர் பக்கத்துக் காலனிகளில் இருக்கும் சிறு ஆலயங்களுக்குச் சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போய்ப் பாருங்கள். முன்வரிசைப் பாயில் ஆயாமார்கள். சுவரோரம் இரண்டு மூன்று தாத்தாக்கள். ஓய்வுநாள் பள்ளிக்கு வந்த சிறு பிள்ளைகள் கொஞ்சம். நடுவில் இருக்க வேண்டிய தலைமுறையைக் காணோம். பதினெட்டு முதல் நாற்பது வயது வரை உள்ளவர்கள் கிறிஸ்துமஸ் இரவிலும் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையிலும்தான் தலைகாட்டுகிறார்கள். அப்போதும் பலர் உள்ளே வருவதில்லை. வாசலில் பைக்கை நிறுத்தி, செருப்பைக் கழற்றாமலே நின்று, பாட்டு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள்.

கேட்டால் பெரியவர்கள் ஒரே காரணம்தான் சொல்கிறார்கள்: போன் வந்தது, பிள்ளைகள் கெட்டுப் போனார்கள். இதை நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. போன் வைத்திருக்கும் இதே இளைஞர்கள்தான் ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் படத்துக்கு மாலை போட ஊரையே கூட்டுகிறார்கள். சாவு வீட்டில் விடிய விடிய நிற்கிறார்கள். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். கூடுவதில் அவர்களுக்குச் சலிப்பில்லை. ஆலயத்தில் வந்து கூடுவதற்குத்தான் அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

‘இது சபைக்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், தலித் பிரச்சினைகளைப் பேசும் பத்தியில் இதற்கு என்ன வேலை?’ என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழகக் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினர் நம் மக்கள். அதிலும் இந்த வட மாவட்டக் காலனிகளில் ஆலயம் என்பது வழிபாட்டுக் கூடம் மட்டுமல்ல. அந்தத் தெருவின் முதல் பள்ளிக்கூடம், முதல் பொதுச் சொத்து, முதல் எழுத்துப் பதிவு எல்லாமே அதுதான். அது ஆளில்லாமல் மூடப்பட்டால் காலனிக்கு என்னென்ன போகும் என்பதை எல்லோரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆலயத்துக்குப் போகாதவர்களும் யோசிக்க வேண்டும்.

தேடிப் போனவர்கள் நம் பூட்டன்கள்

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செங்கல்பட்டு ஜில்லாவில் பண்ணையாளாகப் பிறந்தவருக்குச் சொந்த நிலம் கிடையாது. குடியிருக்கும் குடிசையின் மனைகூடப் பெரும்பாலும் மிராசுதாருடையது. ‘போ’ என்றால் போக வேண்டியதுதான். பள்ளிக்கூடம் எட்டாத தூரம். அந்த நிலையில் ஸ்காட்லாந்து மிஷன், வெஸ்லியன் மிஷன் ஆகியவற்றின் பாதிரியார்களைத் தேடிப் போய் ‘எங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மனை வேண்டும், நிலம் வேண்டும்’ என்று கேட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்கள். மிஷனரிகள் வந்து தூக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. நம் ஆட்கள் போய் நெருக்கினார்கள் என்பது மீதிக் கதை.

அந்த நெருக்கடியின் தொடர்ச்சியாகத்தான் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்கள் நிலப் பிரச்சினையை அரசாங்கத்திடம் கொண்டுபோனார்கள். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லிப் போராடும் நிலங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. செங்கல்பட்டுக்கு வடக்கே உள்ள மெல்ரோசாபுரம் 1890-களில் அந்த மிஷன் வாங்கிய நிலத்தில் நம் மக்களுக்காக உருவான குடியிருப்பு.

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள் இருவர். ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு கிறிஸ்தவப் பெயர், ஒரு இந்துப் பெயர். காலனியில் இந்த இரண்டு பெயர்களும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நிலத்துக்காகச் சேர்ந்துதான் விழுந்தன. ஆகவே சபையின் சரித்திரத்தைக் காலனியின் சரித்திரத்திலிருந்து பிரித்து வைக்க முடியாது.

அந்தச் சரித்திரத்தின் சாட்சிகள் இன்று முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஆயாமார்கள். எந்த நிலம் யாருக்கு ஒதுக்கப்பட்டது, எது எப்போது கைமாறியது, கல்லறைக்குப் போகும் பாதையை மறித்தவர் யார், உபதேசியார் வீட்டுத் திண்ணையில் முதன்முதலில் ‘அ’ எழுதியது யார் என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாமல் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

ஞாயிறு ஒன்பது மணி

இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்பதற்கு நம் கண்ணில் படும் முதல் காரணம் மிகச் சாதாரணமானது. வேலை நேரம்.

இவர்களுடைய அப்பா காலத்தில் வேலை என்பது வயல், ஏரி, செங்கல் சூளை. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தது. இன்று பிள்ளைகள் மறைமலை நகர், மகிந்திரா சிட்டி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளிகள். கம்பெனி பஸ் விடிவதற்கு முன்னே நெடுஞ்சாலை ஓரத்தில் வந்து நிற்கிறது. வாரம் ஒரு ஷிப்ட். வார விடுமுறை பல பேருக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஞாயிறு கிடைத்தாலும் அது சனி இரவு முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து படுக்கும் ஞாயிறு.

“இன்னாப்பா, கோயில் பக்கமே ஆளக் காணோம்?”

“நைட் ஷிப்ட் ஆயா.”

இந்த ஒரு வரிப் பேச்சு எல்லாக் காலனியிலும் நடக்கிறது. ஆனால் இது எந்தச் சேகரக் கமிட்டிக் கூட்டத்திலாவது பேசுபொருளாகி, ஆராதனை நேரத்தை மாற்றியிருக்கிறதா என்று பார்த்தால் அரிதாகத்தான் இருக்கிறது. ‘ஒன்பது மணி ஆராதனை’ என்பது வேதத்தில் எழுதியிருப்பது போல நிற்கிறது. எந்த வேதத்திலும் அப்படி எழுதியில்லை. பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே ஆயர் இருப்பதால், அவர் வந்துபோக வசதியாக வகுத்த நேரம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்பு ஊரிலேயே உபதேசியார் குடியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாரும் பெரும்பாலும் அவர்தான். காய்ச்சல் என்றால் வந்து பார்ப்பார், மனு எழுதித் தருவார், பையன் பள்ளிக்குப் போகவில்லை என்றால் காதைத் திருகுவார். அந்தப் பதவி பல இடங்களில் தேய்ந்துவிட்டது. ஆயர் மாதத்தில் ஒன்றிரண்டு முறை திருவிருந்துக்கு வருகிறார். அவருக்குப் பிள்ளைகளின் பெயர் தெரிவதில்லை, பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிவதில்லை. அதே தெருவில் தகரக் கொட்டகை போட்டு நடக்கும் சுயாதீன ஜெபக்கூடத்தின் பாஸ்டர் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கையில் மைக்கைக் கொடுக்கிறார், கீபோர்டு வாசிக்கச் சொல்கிறார். பையன் அங்கே போகிறான். இதற்கு அவனையோ அந்தப் பாஸ்டரையோ திட்டிப் பயனில்லை.

சான்றிதழ் பயம்

இரண்டாவது காரணத்தை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. வாசலோடு திரும்பும் பிள்ளைகளில் பலரைத் தடுப்பது அதுதான்.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு கட்டிப்போட்டது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அந்த வாசல் திறக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். எத்தனை தலைமுறை ஆனாலும் அதுதான். ஒரே தெரு, ஒரே சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை, டீக்கடையில் ஒரே அவமானம். ஆனால் கலந்தாய்வில் மட்டும் அவர் நிலமும் செல்வாக்கும் உள்ள சமூகங்களோடு போட்டி போட வேண்டும்.

2007-இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதே கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் வழக்கு நிற்கிறது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போடப்பட்டது. இதற்கிடையே 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையில் வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகளைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் மட்டும் படிக்கவில்லை. காலனியில் பத்தாவது படித்த பிள்ளையின் அம்மாவும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆகவே பல வீடுகளில் இரண்டு பெயர் இருக்கிறது. ஆலயத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. ஆலயத்துக்குப் போனால் யாராவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்களோ, ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கும் பெயரை யாராவது தாலுகா ஆபீசில் காட்டிவிடுவார்களோ என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. அவன் வாசலில் நிற்பதில் அலட்சியம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. உள்ளே வந்தால் வேலை போகும், வெளியே போனால் ஆயா அழும்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து, பிரசங்க பீடத்திலிருந்து ‘உலகத்துக்காகக் கர்த்தரை மறுதலித்தவர்கள்’ என்று பேசுவது எவ்வளவு பெரிய கொடுமை! அவனை இரண்டு பெயரோடு வாழ வைத்தது சட்டம். அந்தச் சட்டத்தை எதிர்த்து ஆகஸ்ட் 10-ஐக் கருப்பு நாளாக அனுசரிக்கும் சபைகள் இருக்கின்றன. அன்று கருப்புக் கொடி பிடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு அதே சட்டத்தால் நசுங்கிய பிள்ளையைக் குற்றவாளியாக்கினால், பிடித்த கொடிக்கு என்ன அர்த்தம்?

சாவி யார் கையில்?

மூன்றாவது காரணம் அதிகாரம். ஆலயச் சாவி, காணிக்கைக் கணக்கு, கமிட்டி நாற்காலி எல்லாம் பெரியவர்கள் கையில் இருக்கின்றன. பல சபைகளில் சந்தா ஒழுங்காகக் கட்டி, திருவிருந்தில் தவறாமல் பங்கெடுத்தவர்களுக்குத்தான் ஓட்டு. திருப்பூரிலோ ஓசூரிலோ வேலை பார்க்கும் பையன் பெயர் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடுகிறது. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போட, நாற்காலி தூக்க, மைக் செட் கட்ட அவன் வேண்டும். கணக்குக் கேட்டால் ‘சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்’ என்பார்கள்.

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குவது, கோலம் போடுவது, ஓய்வுநாள் பள்ளி நடத்துவது, பாட்டை எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள். கமிட்டியில் இடம் வரும்போது, கல்யாணமாகிப் போகிற பெண் என்று தள்ளிவிடுவார்கள். இன்று அந்தப் பெண்தான் அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அவளை மேடையில் ஏற்றாத இடத்துக்கு அவள் ஏன் வர வேண்டும்?

நான்காவது காரணம், பேசும் பொருள். பிள்ளைகள் அம்பேத்கரைப் படிக்கிறார்கள், பறை கற்கிறார்கள், சாதி ஆணவக் கொலைச் செய்திகளைப் பார்த்துக் கொதிக்கிறார்கள். பிரசங்கத்திலோ அவர்களுக்குச் சினிமா கூடாது, நகை கூடாது என்ற புத்திமதிதான் கிடைக்கிறது. வெளியே நடக்கும் சாதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருச்சபைக்குள்ளேயே இருக்கும் சாதி பற்றியோ பேச்சே கிடையாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதிவாரியாகப் பிரித்து நின்ற சுவர் பிள்ளைகளுக்குத் தெரியும். 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் பட்ட அடியும், அதையொட்டிய துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனதும் தெரியும். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. மேலிடம் ஒப்புக்கொண்டதை உள்ளூர் பீடம் பேசத் தயங்கினால், பிள்ளைகள் அதை மௌனம் என்று எடுத்துக்கொள்வதில்லை, ஒத்துப்போவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோது, கன்னியர் மடத்துக்குள் சாதி எப்படி நடக்கிறது என்பதை நம் வீட்டுப் பெண் ஒருவர் நம் வீட்டுத் தமிழிலேயே எழுதிக் காட்டினார். இன்று கல்லூரிகளில் அது பாடம். கல்லூரியில் படித்த அந்தப் புத்தகத்தைப் பற்றித் தன் சபையில் பேச முடியாத பிள்ளை அந்தச் சபையைத் தன்னுடையது என்று எப்படி நினைக்கும்?

பெரியவர்கள் பக்கம்

இவ்வளவும் சொன்னதால் பெரியவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் ஏன் சாவியை விடாமல் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலத்தில், அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த ஒரே கூரை அந்த ஆலயத்தின் கூரை. ஊரில் ‘டேய்’ என்று அழைக்கப்பட்டவர் ஆலயத்தில் ‘பொருளாளர் ஐயா’ ஆனார். கூலி வேலைக்குப் போன அம்மா, பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று ஜெபம் செய்தார். அந்தக் கல்லைச் சுமந்தது, சுண்ணாம்பு இடித்தது, பிடி அரிசி சேர்த்துச் சேர்த்துக் கூரை போட்டது எல்லாம் அவர்கள் கைகள். சாவியை விட்டால் அந்த மரியாதையும் போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள்.

அவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. செத்தால் தூக்க நாலு பேர் வருவார்களா, பாடிக்கொண்டு போவார்களா, கல்லறைக்கு வழி இருக்குமா என்ற பயம். பல காலனிகளில் ஆலய மனையும் கல்லறைத் தோட்டமும் தொலைதூர நகரத்தில் இருக்கும் திருச்சபை அறக்கட்டளைகளின் பெயரில் இருக்கின்றன. உள்ளூரில் காவல் நிற்க ஆள் இல்லை என்று தெரிந்தால் வேலி நகரும். ரியல் எஸ்டேட் விலை ஏறிக் கிடக்கும் இந்த மாவட்டத்தில் இதை நாம் விளக்கத் தேவையில்லை. முதியவர்கள் மட்டும் மிஞ்சிய சபையால் ஒரு சர்வே நம்பரைக்கூடக் காப்பாற்ற முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பணமும் அதிகம் தேவையில்லை. சபைகளே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, நேரம். காலனியில் யார் எந்த ஷிப்ட், யாருக்கு எந்த நாள் விடுமுறை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது மாலை ஆராதனையாக வையுங்கள். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் எப்படியும் ஊருக்கு வரும் நாட்கள் சில உண்டு: பொங்கல், அறுப்பின் பண்டிகை, கல்லறைத் திருநாள், கிறிஸ்துமஸ். சபையின் முக்கியக் கூட்டங்களையும் கமிட்டித் தேர்தலையும் அந்த நாட்களை ஒட்டி வைத்தால் அவர்கள் குரலும் சேரும்.

இரண்டாவது, படிப்பு உதவி. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிட மாணவர்களும் வருமான வரம்புக்கு உட்பட்டு விண்ணப்பிக்கலாம். வேலைவாய்ப்பில் பிற்படுத்தப்பட்டோர் என்றாலும் இந்த உதவி உண்டு. இது தெரியாமலே வட்டிக்கு வாங்கிக் கல்லூரிக் கட்டணம் கட்டும் பெற்றோர் இருக்கிறார்கள். மே, ஜூன் மாதங்களில் ஆலயத் திண்ணையில் ஒரு மேசை போட்டு, சபையின் பட்டதாரிப் பிள்ளைகளே விண்ணப்பம் நிரப்பித் தரட்டும். கிறிஸ்தவர், இந்து என்று பார்க்காமல் காலனிப் பிள்ளைகள் எல்லோருக்கும் செய்யட்டும். உபதேசியார் திண்ணை அந்தக் காலத்தில் இதைத்தானே செய்தது?

மூன்றாவது, பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கைகொடுப்பது. முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக்கப்பட்டது. அது நின்றுபோனால் ஏன் நின்றது என்று கேட்க ஆயாவுக்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் ஆதார் இணையவில்லை, ரேகை பதியவில்லை என்று அலைகிறார்கள். வாரம் ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் ஆயாமார்களை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனால் போதும். உறவு பேச்சில் வளர்வதைவிடக் கூடநடப்பதில்தான் அதிகம் வளர்கிறது. ஆயா கதை சொல்லத் தொடங்குவதும் அப்படிப் போகும் வழியில்தான்.

நான்காவது, பதிவேடு. பல ஆலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதிய பழைய பதிவேடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் என்ன என்றே தெரியாத காலத்தில், நம் பூட்டியின் பெயரை மரியாதையாக எழுதி வைத்த தாள் அது ஒன்றுதான். கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்து தங்கள் குடும்ப மரத்தை அதிலிருந்து எழுதட்டும். எழுத்தில் இல்லாததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யட்டும். ஒரே எச்சரிக்கை: உயிரோடு இருப்பவர்களின் பதிவுகளைப் படம் எடுக்கவோ குழுக்களில் பகிரவோ கூடாது. சான்றிதழ் பிரச்சினை தீரும் வரை அந்தப் பக்கங்களைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது சபையின் கடமை.

ஐந்தாவது, பாட்டும் பறையும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, ‘பறட்டை’ என்று நாம் அன்போடு அழைத்தவர், நாட்டுப்புற இசையிலேயே முழு வழிபாட்டு முறையை உருவாக்கினார். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேல்நாட்டு ராகமும்தான் பக்தி என்றிருந்த இடத்தில், கிராமத்துக் கூலிப் பெண் பாடும் மெட்டைக் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாகச் சொல்லிக்கொடுத்தார். 2005-இல் அவர் மறைந்தார். அவருடைய மாணவர்கள் பல சபைகளில் ஆயர்களாக இருக்கிறார்கள். பறை கற்ற பிள்ளைகளை ஊர்வலத்துக்கு மட்டும் அழைக்காமல், ஆராதனைக்குள் அழைக்க அவர்களால் முடியும். ‘சாவு மேளம் ஆலயத்துக்குள் வரலாமா?’ என்று கேட்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் பட்ட அவமானம் அப்படிக் கேட்க வைக்கிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் எள்ளி நகையாடாமல், உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அந்தப் பேச்சே இரண்டு தலைமுறைக்கும் நல்லதொரு வேதபாடமாக இருக்கும்.

ஆறாவது, நாற்காலி. அடுத்த கமிட்டியில் முப்பது வயதுக்கு உட்பட்ட ஒரு ஆண், ஒரு பெண் கட்டாயம் என்று சபையே தீர்மானம் போடலாம். கணக்கை மாதம் ஒரு முறை எல்லோர் முன்பும் வாசிக்கலாம். பெரியவர்களைத் தூக்கிவிட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்கிறோம்.

ஏழாவது, பிரசங்க பீடம். ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் அருகில் வரும் ஞாயிறுகளிலும் ஆகஸ்ட் 10-ஐ ஒட்டிய ஞாயிறிலும் சாதி பற்றிப் பேசுங்கள். அன்று இளைஞர் ஒருவர் பேசட்டும். அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவர் பெயரையும் இந்த மாவட்டத்தின் எல்லா ஆலயங்களிலும் வாசிக்கலாமே.

திரும்பி வராதவர்கள்

இவ்வளவு செய்தாலும் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட மாட்டார்கள். சிலர் பௌத்தம் தழுவியிருப்பார்கள். சிலருக்குக் கடவுள் நம்பிக்கையே இருக்காது. சிலர் தகரக் கொட்டகை ஜெபத்திலேயே மனநிறைவு கண்டிருப்பார்கள். சிலர் சான்றிதழ் காரணமாக உண்மையிலேயே வேறு வழியில் போயிருப்பார்கள். அவர்களை இழந்தவர்களாக எண்ணக் கூடாது. ஆலயத்தில் தலை எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக இதை நாம் எழுதவில்லை. கல்லறைப் பாதைக்கு வேலி போடும் நாளில், ஆயா ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளில், உதவித்தொகை மேசை போடும் நாளில் அவர்களும் வந்து நிற்கலாம். ஞானஸ்நானம் வாங்கியவனா என்று கேட்காமல் அவர்களுக்கு வேலை கொடுக்கும் சபைதான் காலனியின் சபையாக இருக்கும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கோபப்படும் பல விஷயங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கல்லூரி வரை நடந்த பாதையின் முதல் கல்லைப் போட்டவர்களில் பலர் அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்பேத்கர் படிப்பு வட்டத்தில் நீங்கள் பேசும் நில உரிமையும் கல்வி உரிமையும் அவர்கள் வாழ்க்கையில் நடந்தவை. புத்தகத்தில் வராத பக்கங்கள் அவர்களிடம் உண்டு. அதை எழுதி வாங்க நமக்கு அதிகக் காலம் இல்லை.

அறுப்பின் பண்டிகை வரும்போது எல்லா ஆலயங்களிலும் வழக்கம்போல முதல் பலன்கள் ஏலம் விடப்படும். ஒரு பூசணிக்காய்க்குப் போட்டி போட்டு ஆயிரம் ரூபாய் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பதிவேடுகளுக்கு ஒரு இரும்பு அலமாரியும், ஆயாமார்களின் குரலைப் பதிவுசெய்ய ஒரு கருவியும் வாங்கலாம். வாங்கியதைப் பிள்ளைகள் பொறுப்பில் கொடுத்து, ஆலயச் சாவிக்கு இன்னொரு நகல் எடுத்து, அதையும் அவர்களிடமே கொடுக்கலாம்.